மாட்டு வயிறு

பழைய செங்கல் சுவர் உள்பிடி விட்டு, நடுவில் உப்பி, தெருப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் எங்கள் ஊர்க் கொத்தனார்கள் அதை மாட்டு வயிறு என்பார்கள். வெர்தனில் தெருவுக்கு ஒரு வயிறாவது இருக்கும். ஆற்றுக்காற்றும் பனியும் சேர்ந்து வளர்த்தவை. சொல்லில் தப்பில்லை. சுவர் ரொசேர் லெபெஃப்புடையதாக அமைந்ததுதான் தப்பு. லெபெஃப் என்றால் பிரெஞ்சில் காளைமாடு.

ரொசேருக்கும் வயிறு உண்டு.

முதலில் வந்த கொத்தனார் வண்டியிலிருந்து ஏணியைக்கூட இறக்கவில்லை. நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மாட்டு வயிறு," என்றார்.

"யாருக்கு?" என்றார் ரொசேர்.

"உங்களுக்குத்தான்."

ஏணி வந்த வழியே திரும்பிப் போனது.

இரண்டாமவர் சுவரை நன்றாகப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அந்தச் சொல்லையும் சொன்னார். ரொசேர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பிறகு கொத்தனார் பேனாவை எடுத்து, "பேரு?" என்றார். ரொசேர் சொன்னார். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார் கொத்தனார். மூக்கு வழியாக வந்துவிட்டது.

மூன்றாமவருக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பணிவாக, "சுவர் முழுகாம இருக்கு, முசியே," என்றார்.

எங்கள் ஊரில் கோபம் வந்தால் தாய் தகப்பனை இழுக்கமாட்டார்கள். கோயில் சாமான்களை இழுப்பார்கள். சின்னக் கோபத்துக்கு நற்கருணை அப்பம். அடுத்தது பூசைப் பாத்திரம். பெருங்கோபத்துக்கு நற்கருணைப் பேழை. ரொசேர் மூன்றாமவரைப் பேழை வரைக்கும் கொண்டுபோய் வழியனுப்பினார்.

அதன்பின் அந்த வீட்டில் சுவர்ப் பேச்சு இல்லை. கீழ்வீட்டில் குடியிருந்த நாங்களும் பேசவில்லை. பின்வாசலைப் பயன்படுத்தினோம்.

ரொசேர் வேலைக்காலம் முழுவதும் நடைபாதைக்குக் கான்கிரீட் ஊற்றியவர். அவருக்கு உலகத்தில் தீராத வியாதி என்று ஒன்று இல்லை. சிமெண்ட் போதாத வியாதிதான் உண்டு. துணி உலர்த்தும் கம்பம், வேலிக்கால், தபால்பெட்டி எல்லாம் கான்கிரீட்டில் நின்றன. தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்த குச்சிகூட அப்படித்தான். செடி செத்தபிறகும் குச்சி நின்றது. வீட்டு முன்சுவரில் செங்கல் இடுக்குகள் உதிரத் தொடங்கியபோது அவரே ஒரு கோடை முழுவதும் ஏணியில் நின்று, நடைபாதைக் கலவையை வைத்துப் பூசினார். வயிறு அதற்குப் பிறகுதான் வந்தது. அதை அவர் காலத்தின் குற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

செப்டம்பரில் ஒரு நாள் அவர் மனைவி லொரெத் மாடி முகப்பில் நாற்காலி போட்டுச் சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பானை பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனாள். தீயைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். நாற்காலியில் ஒரு செங்கல் உட்கார்ந்திருந்தது.

"ரொசேர்," என்று கூப்பிட்டாள். "யாரு வந்திருக்காங்க பாரு."

ரொசேர் வந்து பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"அணில் தள்ளி விட்டிருக்கும்," என்றார்.

"அணிலா?"

"இந்த வருஷம் கொழுத்துத் திரியுதுங்க."

லொரெத் உள்ளே போனாள். சோளத்தை வேகவைத்து, வடித்து, வெண்ணெய் தடவி அவருக்கு வைத்தாள். பிறகு ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு மதாம் பெல்ஷாவின் மாடிப்படியில் ஏறினாள். மதாம் பெல்ஷா விதவை. ஒன்றுமே நடக்காத தெருவைப் பல காலமாக முகப்பில் உட்கார்ந்து பார்த்து வந்தவள். கதவைத் தட்டும் முன்பே திறந்தாள்.

மறுநாளிலிருந்து லெபெஃப் குடும்பம் தெருவுக்கு மேலே நடந்தது. அந்தப் பக்க முகப்பில் லொரெத். இந்தப் பக்க முகப்பில் ரொசேர்.

"எப்ப வர்ற?"

"சுவர் சரியானதும்."

"சுவர் எங்கயும் போகல!"

"அதான் போகப் போகுதே. என் தலைக்கு."

"தெருவே கேக்குது. மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசினா உனக்குக் கேக்காது. நடுவுல தெரு இருக்கு."

தபால்காரர் கீழே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சு முடியட்டும் என்று நிற்பார். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நாய்க்கு இல்லாத அவசரத்தை எல்லாம் எங்கள் வாசல் மரத்தடியில் உண்டாக்கிக்கொண்டார்கள்.

"சாப்பிட்டியா?" என்பாள் லொரெத்.

"சாப்பிட்டேன்."

"என்ன?"

"பீன்ஸ்."

"நேத்து?"

"பீன்ஸ்."

"சூடு பண்ணினியா?"

ரொசேர் வாயைத் துடைத்துக்கொள்வார்.

"பண்ணல," என்பாள் மதாம் பெல்ஷா. "டப்பாவுலேயே தின்னிருக்காரு. மூஞ்சியப் பாரு."

"மதாம், இது எங்க குடும்ப விஷயம்."

"அப்ப உள்ள போய்ப் பேசுங்க, முசியே. என் வீட்டு முகப்பைப் பாத்து ஏன் பேசறீங்க?"

இலைகள் பழுக்கத் தொடங்கின. காலையில் கார்க் கண்ணாடிகளில் ஈரம் படிந்தது. உறைபனி விழுந்துவிட்டால் எங்கள் ஊரில் கொத்துவேலை நின்றுவிடும். கலவைக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து அதைப் பொடியாக்கிவிடும். இதை லொரெத் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"பனி விழுந்தா அப்புறம் ஒரு கொத்தனும் வரமாட்டான். மே மாசம்தான். நானும் மே மாசம்தான்."

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல," என்றாள் மதாம் பெல்ஷா. "நல்லாச் சமைக்கறா."

ரொசேர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய அதிர்ச்சியில் மேலேயிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. எதிர்ப்பக்கம் இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மீண்டும் கதவைத் திறந்து, எட்டிப் பார்த்து, மெதுவாகச் சாத்தினார்.

அவரை அசைத்தது சுவர் அல்ல. ஒரு சாயங்காலம் லொரெத் கொத்துக்கறியும் சோளமும் உருளைக்கிழங்கு மசியலும் அடுக்கி அடுப்பில் சுட்டாள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசியது. ரொசேர் முகப்பில் நின்றார். உள்ளே போனார். மறுபடி வந்து நின்றார்.

"தட்டு வச்சிருக்கேன்," என்றாள் லொரெத். "முகப்புலதான். வீட்டுக்குள்ள விடமாட்டாங்களாம்."

"பீன்ஸ் வாடை," என்றாள் மதாம் பெல்ஷா.

ரொசேர் தெருவைக் கடந்தார். அந்த வீட்டுப் படியில் அவர் அதுவரை ஏறியதில்லை. வேலை இருந்த நாட்களில் இருட்டில் போய் இருட்டில் வருவார். ஓய்வுக்குப் பிறகு தன் முகப்பில் உட்கார்ந்து எதிர்வீட்டைக் குறை சொல்வார். தன் வீட்டை அவர் தூரத்திலிருந்து பார்த்தவரில்லை.

நாற்காலியை எதிர்ப்பக்கம் பார்க்கத்தான் போட்டிருந்தார்கள். முதல் வாயை எடுத்தார். சூரியன் தெருக்கோடியில் இறங்கி, வெயில் சுவர்களின் மேல் ஒருக்களித்துப் பட்டது. அந்த வெயிலில் ஒவ்வொரு செங்கல்லுக்கும் நிழல் இருந்தது. பக்கத்து வீடுகள் பலகைபோல் நின்றன. அவர் வீடு மட்டும் மாடி ஜன்னலுக்கு மேலே புடைத்து, சரிந்து, தன் நிழலைத் தன் ஜன்னலிலேயே போட்டுக்கொண்டு நின்றது.

முள்கரண்டி பாதியில் நின்றது.

"இது எப்பலேர்ந்து?"

"உங்களுக்கு வந்தப்பத்தான் அதுக்கும் வந்துச்சு," என்றாள் மதாம் பெல்ஷா. "ரெண்டையும் நான் இங்கேருந்துதான் பாத்துட்டு வர்றேன்."

ரொசேர் கோபப்படவில்லை. பேழையின் பேரைச் சொன்னார். ஆனால் கோயிலில் சொல்வதுபோல மெதுவாக. பிறகு, "மாட்டு வயிறுதான்," என்றார்.

லொரெத் அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

நான்காவது கொத்தனாரை லொரெத்தே பிடித்தாள். பெயர் க்ளோவிஸ். கடற்கரைப் பக்கத்து ஆள். அலை இரைச்சலில் வளர்ந்தவர் என்பதால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். கையில் இருக்கிற வேலைகளுக்கு நடுவே, பனிக்கு முன் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். தொலைபேசியில் லொரெத் அவரிடம் வற்புறுத்தியது ஒன்றுதான்: என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அந்தச் சொல்லை மட்டும் சொல்லக்கூடாது.

க்ளோவிஸ் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தார். முகம் சிவந்தது.

"முசியே... ரொசேர். உங்க சுவர்ல ஒரு... ஒரு வீக்கம் மாதிரி... வீக்கம்னும் சொல்ல முடியாது. ஒரு முன்னேற்றம்."

"என்னது?"

"தெருப்பக்கமா ஒரு முன்னேற்றம்."

"மாட்டு வயிறுன்னு சொல்லித் தொலைய்யா," என்றார் ரொசேர். "குளிருது."

க்ளோவிஸ் எதிர் முகப்பைப் பார்த்தார். லொரெத் தலையசைத்தாள். "மாட்டு வயிறு!" என்று அவர் கத்தியதில் மரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

சாரம் கட்டினார்கள். மேல்வரிசையிலிருந்து பிரித்தார்கள். செங்கல்லுக்குப் பின்னால் பழைய மரப்பலகைச் சுவர் இருந்தது. இரண்டையும் பிணைத்த ஆணிகள் இருந்த இடத்தில் துருப்பொடிதான் இருந்தது. செங்கல் சுவரை இத்தனை காலமும் பழக்கம்தான் பிடித்து வைத்திருந்தது.

உச்சியில், ரொசேரின் ஏணி எட்டாத இடத்தில், பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. செங்கல்லைக் கையிலெடுத்து லேசாகத் தட்டினால் சுண்ணாம்பு மாவாக உதிர்ந்து, செங்கல் முழுசாக நின்றது. ஆட்கள் அவற்றைத் துடைத்து அடுக்கினார்கள். வயிற்றுப் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. உளி அடித்தால் செங்கல் உடைந்தது. பூச்சு எலும்புக்கூடுபோல் தனியாக நின்றது.

"யாரு போட்டது இது?" என்று கத்தினார் க்ளோவிஸ்.

"ஏன்?"

"செங்கல் உடையுது. இது உடைய மாட்டேங்குது."

ரொசேர் நிமிர்ந்தார். "உடையாது."

"அதான் முசியே வியாதி."

"உடையாதது எப்படிய்யா வியாதி?"

"பழைய செங்கல் மெத்து. தண்ணி குடிக்கும். குடிச்சதைச் சுண்ணாம்பு வழியா வெளிய விட்டுடும். நீங்க வாயை அடைச்சுட்டீங்க. உள்ள நின்ன தண்ணி ஆணியத் தின்னுது. குளிர்ல உறைஞ்சு செங்கல் மூஞ்சியப் பேத்துது."

"நான் போட்ட நடைபாதை எல்லாம் இன்னும் நிக்குதே."

"நடைபாதை படுத்திருக்கு, முசியே. சுவருதான் நிக்கணும்."

"என்ன சொல்றாரு?" என்றது எதிர்ப்பக்கம்.

"ஒண்ணும் சொல்லல!"

"சிமெண்ட் போட்டது நீதான்னு சொல்லிட்டியா?"

க்ளோவிஸ் ரொசேரைப் பார்த்தார். ரொசேர் மரத்தைப் பார்த்தார்.

"உளியக் குடு," என்றார் ரொசேர். "நான் உடைச்சுப் பாக்கறேன்."

காலையெல்லாம் பெட்டி மேல் உட்கார்ந்து தன் பூச்சைத் தானே கொத்தினார். மதியத்துக்குள் நான்கு செங்கல் முழுசாக வந்தது. தோள் ஓய்ந்துவிட்டது. "நல்லாத்தான்யா போட்டிருக்கேன், பாவி," என்றார். அதில் பெருமையும் இருந்தது.

ஆனாலும் புதுச்சுவர் எழும்பத் தொடங்கியபோது அவருக்குப் பொறுக்கவில்லை. கலவை வெண்மையாக, குழைவாக, குழந்தைக்கு ஊட்டுகிற கூழ் மாதிரி இருந்தது. இதை நம்பி ஒரு சுவரா? க்ளோவிஸ் சாரத்தில் ஏறியிருந்த நேரம் பார்த்து, கிடங்கிலிருந்து ஒரு சின்ன சிமெண்ட் பையை மேல்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு கலவை எந்திரத்தின் பக்கம் நடந்தார். எதிர் முகப்பு என்று ஒன்று இருப்பது அவருக்கு மறந்துவிட்டது.

"க்ளோவிஸ்!" லொரெத் எழுந்து நின்றாள். "இடப்பக்கம்! சட்டைக்குள்ள பை!"

"கரண்டியும் எடுத்துட்டாரு!" என்றாள் மதாம் பெல்ஷா.

க்ளோவிஸ் சாரத்திலிருந்து பாதிதூரம் குதித்தார்.

"ஒரே ஒரு கரண்டி," என்றார் ரொசேர். "ஒரு பலத்துக்கு."

"ஒரு கரண்டி போட்டீங்கன்னா நான் சாரத்தைப் பிரிச்சுட்டுப் போயிடுவேன். வீடு குளிர்காலம் முழுக்கச் சட்டை இல்லாம நிக்கட்டும்."

"கோவிச்சுக்காதய்யா."

"கல்லைவிடப் பூச்சு கடினமா இருக்கக் கூடாது, முசியே. வெயில்ல விரியும், குளிர்ல சுருங்கும். விட்டுக்குடுக்கற ஒண்ணு நடுவுல இருக்கணும். இல்லாட்டி உடையும்."

"கேட்டியா லொரெத்?" என்றாள் மதாம் பெல்ஷா.

"கேட்டேன். கல்யாணமானதுலேர்ந்து அந்த வீட்டுல நான்தான் சுண்ணாம்பு."

கீழே நின்ற தபால்காரர் கைதட்டினார். ரொசேர் பூசைப் பாத்திரம் வரைக்கும் போய், பையைக் கிடங்கில் வைத்துவிட்டு வந்தார். சாவியை க்ளோவிஸ் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வேலை முடிந்த அன்று தெருவே வெளியே வந்து பார்த்தது. சுவர் நூல் பிடித்ததுபோல நின்றது. பழைய கல்லும் புதிய கல்லும் கலந்து, ஒட்டுப்போட்ட கால்சட்டை மாதிரி இருந்தது. க்ளோவிஸ் பிளாஸ்டிக் திரைகளைத் தொங்கவிட்டு, ஒரு வாரத்துக்கு உறைபனி படக்கூடாது, பட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

ரொசேர் முகப்பின் விளிம்பில் நின்றார்.

"பாத்தியா?"

லொரெத் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "நேரா இருக்கு."

"அப்ப?"

"அப்ப என்ன?"

"சுவர் சரியாயிடுச்சு."

"ஆமா, சொன்னேனே."

ரொசேர் கொஞ்சம் காத்திருந்தார். லொரெத்தும் காத்திருந்தாள். "ஈரமாத்தான இருக்கு," என்றாள் கடைசியில். "காயட்டும்." உள்ளே போய்விட்டாள்.

"என்னங்க கோவம் அவளுக்கு?" என்று மதாம் பெல்ஷாவைக் கேட்டார் ரொசேர். அவளிடம் அவர் ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல்முறை.

"சுவரைப் பத்தியே பேசறீங்க, முசியே."

"வேற எதைப் பத்திப் பேசறது?"

மதாம் பெல்ஷா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளும் உள்ளே போனாள்.

மறுநாள் மதியம் வானொலியில் உறைபனி என்றார்கள். எதிர்பார்த்ததைவிட முன்னதாக, அன்றைக்கே, விடிவதற்குள். ஈரச் சுவருக்குப் போர்த்துகிற க்ளோவிஸின் கம்பளங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு சுவரின் மேல் இருந்தன. மறுநாள்தான் கொண்டுவர முடியும் என்று தொலைபேசியில் கத்தினார். அந்தக் கத்தல் எங்கள் வீட்டுக்கே கேட்டது.

நான்கு மணிக்கே காற்றில் பல் முளைத்துவிட்டது. ரொசேர் இன்னும் பிரிக்காத சாரத்தில் ஏறினார். கம்பளிப் போர்வைகளைக் கொண்டுவந்து திரைக்குள் சுவரோடு சேர்த்துத் தொங்கவிட்டார். பிறகு ஜன்னல் திரைகள். பிறகு இரண்டு குளிர்கால மேலங்கிகள், ஒரு ஜமக்காளம், குளியல் துண்டுகள். கீழ்வீட்டிலிருந்து நாங்கள் இரண்டு போர்வை கொடுத்தோம். அப்படியும் நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சுவர் திறந்து கிடந்தது. ரொசேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.

வந்தபோது அவர் தோளில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. லொரெத் கல்யாணத்துக்கு முந்திய குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து கொக்கி ஊசியால் பின்னிய கட்டில் விரிப்பு. அதில் யாரும் படுத்ததில்லை. பங்குத்தந்தை வீடு மந்திரிக்க வந்த அன்று ஒருமுறை விரித்து மடித்ததாகச் சொல்வார்கள்.

அதை உதறிச் சுவரின் மேல் போட்டார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. "லொரெத்," என்று மதாம் பெல்ஷா தொடங்கினாள், "அது உன்னோட..." லொரெத் அங்கே இல்லை. வீட்டுச் செருப்போடு, கையில் சூப் கரண்டியோடு, தெருவின் நடுவில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கார் நின்று வழிவிட்டது. சாரத்து ஏணியில் கரண்டியோடு ஏறினாள்.

"அது என்ன?"

"விரிப்பு."

"யாரோடது?"

"உன்னோடது."

"எங்க இருக்கணும்?"

"பெட்டியில."

"எங்க இருக்கு?"

ரொசேர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"குளிரும், லொரெத்," என்றார். "அதுக்கு."

லொரெத் விரிப்பைப் பற்றினாள். இழுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். அதன் அடியில் கையை விட்டுச் சுவரைத் தொட்டாள். அப்படியே வைத்திருந்தாள். கையை எடுத்தபோது விரல்களில் சுண்ணாம்பு.

"இளசா இருக்கு."

"ஆமா."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வாரம். அப்புறம் அதுவே பாத்துக்கும்."

அவள் குனிந்து விரிப்பின் கீழ்முனையைப் பார்த்தாள். "இதுக்குப் பேரு போத்தறதா? கீழ காத்து போகுது பாரு. முனையை உள்ள சொருகு. இறுக்காத. துணிக் கிளிப்பு எங்க?"

"சமையலறையில."

"வச்ச இடத்துலதான் இருக்கா?"

"நான் எதையும் தொடல."

லொரெத் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். "தெரியுது. பாத்திரத்தையும் தொடல."

ரொசேர் கிளிப்புகளைக் கொண்டுவந்து நீட்ட, அவள் பலகை மேல் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் போர்வை போர்வையாக இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, செருகிக்கொண்டே போனாள். விரிப்பின் பக்கம் வந்தபோது அதில் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள். தெருவிளக்கு எரியத் தொடங்கியது.

"சூப்பு அடுப்புல இருக்கா?" என்றார் ரொசேர்.

"இருக்கு."

"நீ போகணும்ல?"

அவள் இன்னொரு கிளிப்புக்குக் கை நீட்டினாள். அவர் கிளிப்பு டப்பாவை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"போகாத," என்றார்.

லொரெத் கடைசிக் கிளிப்பை மாட்டினாள்.

"கட்டில்ல என்ன இருக்கு?"

"மெத்தை."

"மேல?"

ரொசேர் சுவரைக் காட்டினார்.

அவள் போர்வைகளை ஒரு தரம் எண்ணுவதுபோலப் பார்த்தாள். பிறகு தெருப்பக்கம் திரும்பினாள்.

"மதாம் பெல்ஷா! சூப்பை இறக்கிடுங்க! நான் படுத்திருந்த கம்பளியைக் கொஞ்சம் கொண்டாங்க!"

மதாம் பெல்ஷா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அது ஒத்தைக் கட்டில் கம்பளி, லொரெத்! ரெண்டு பேருக்குப் பத்தாது!"

"தெரியும்," என்றாள் லொரெத். "கொண்டாங்க."